பூமத்திய ரேகையில் முடி இறக்கியவள்

பூமத்திய ரேகையைக் கடந்த மறுநாள் காலையில், மெரிடியன் என்னும் கல்லூரிக் கப்பலின் பின்தளத்தைக் கழுவப் போனவர்கள், கப்பலுக்குப் பின்னால் கடலின்மேல் ஒரு சடை கிடப்பதைப் பார்த்தார்கள். மூன்று புரியாக, எண்ணெய் தேய்த்து வாரிப் பின்னியது போலக் கறுத்துப் பளபளத்து, கயிறு கட்டும் இரும்புக் குத்தியில் ஒரு முனை சுற்றியிருக்க, மறுமுனை தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போயிருக்க, அலை ஏறினால் ஏறி அலை இறங்கினால் இறங்கி, யாரோ தூங்கி எழுந்து தலையை இன்னும் தூக்காதது மாதிரி அது கிடந்தது. பார்த்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள், குத்தியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றி அதையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

சடை யாருடையது என்று விசாரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கப்பலில் அந்த நீளத்துக்கும் அந்தக் கறுப்புக்கும் முடி வைத்திருந்தவள் ஒருத்திதான், தூத்துக்குடிச் சந்தனமாரி. அவளும் முந்தின நாள்தான் எல்லோரும் பார்க்க மொட்டை போட்டிருந்தாள்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல தேசத்துக் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, ஒரு செமஸ்டர் முழுக்கக் கடலில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, துறைமுகம் வந்தால் இறக்கி ஊர் காட்டி, மறுபடி ஏற்றிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கப்பல் அது. கரும்பலகை ஆடும், நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருப்பார்கள், வாந்தி எடுக்கப் போகிறவன் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டாம் என்பது அங்கே சட்டம். கொச்சியில் ஏறினால் மொம்பாசா, அப்புறம் மொரிஷியஸின் போர்ட் லூயி, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில், அங்கே பரீட்சை, அத்தோடு சரி. பரீட்சை எழுதினால்தான் அந்த செமஸ்டர் கணக்கில் வரும், உதவித்தொகை தொடரும், மேற்படிப்புக்கு வழி திறக்கும். பாதியில் இறங்கினவர்களுக்கு ஒன்றுமில்லை. கடல் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சந்தனமாரி பாதியில் இறங்குவதற்காக ஏறியவள் இல்லை. அவளுடைய அம்மா இசக்கியம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பிள்ளையோ கடல் தண்ணீரின் வேதியியல் படிக்கிறவள். அந்தத் தெருவில் இருந்து ஒருத்தி கப்பல் ஏறியது அதுவே முதல் தடவை. "நான் திரும்பி வரும்போது கடலைப் பத்தி எங்கிட்ட எவனும் பாடம் எடுக்கக் கூடாது" என்று தெருவில் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அப்படிப்பட்ட பிள்ளை.

ஆனால் அவள் தலையில் ஒரு பாக்கி இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் கண்டு கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் முடி இறக்குகிறேன் என்று இசக்கியம்மாள் தங்கள் குலதெய்வமான ஓடைக்கரைப் பேச்சிக்கு நேர்ந்துகொண்டாள். பேச்சிக்குக் கோயில் கிடையாது. உப்பளத்து ஓடைக்கரையில் சுண்ணாம்பு அடித்த ஒரு மண்பீடம், அவ்வளவுதான். மேலே கூரையும் இல்லை, எதிரே கடல். காய்ச்சல் போனது, முடி போகவில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழா வந்தது, பிறகு கல்லூரி நேர்முகம் வந்தது, பிறகு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார்கள், படத்தில் சடை இருந்ததால் நேரிலும் சடை இருந்தாக வேண்டியதாயிற்று. "வந்து எடுத்துக்கிடுதேன்மா, அவ எங்க ஓடியா போகப் போறா" என்று சொல்லிவிட்டுச் சடையோடு கப்பல் ஏறினாள்.

பூமத்திய ரேகையை முதல்முறை கடக்கிறவர்கள் கடல்ராஜாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது கப்பல்காரர்களின் பழைய வழக்கம். தளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவரான சராங் காதர், நாகூர்க்காரர், தரை துடைக்கும் மாப்பைத் தாடியாகக் கட்டிக்கொண்டு, சமையலறை அலுமினியத் தாளில் கிரீடம் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் வந்து மீனுக்கு முத்தம் கொடுத்தார்கள், தலையில் பச்சைக் கஞ்சி ஊற்றிக்கொண்டார்கள், துணிந்தவர்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பிரேசில்காரன் போட்டான், கொரியாக்காரிகள் போட்டார்கள், கானாவிலிருந்து வந்த பேராசிரியர் போட்டார். ஒவ்வொரு மொட்டைக்கும் கப்பல் கூவியது.

அப்போதுதான் சந்தனமாரிக்கு அந்த யோசனை வந்தது. அவளுடைய ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அப்படி ஒரு யோசனை வரும். எப்படியும் கொடுக்க வேண்டிய முடி. பேச்சி உட்கார்ந்திருப்பதும் கடலோரம். அந்தக் கடலும் இந்தக் கடலும் ஒரே கடல். இங்கே போட்டால் அங்கே போய்ச் சேராதா?

நேரே போய் ராஜா முன்னால் மண்டியிட்டாள்.

"ஏம்மா, முழுசாவா?" என்றார் சராங், தாடிக்குள்ளிருந்து. "நுனிய மட்டும் நறுக்கிடுறேன். போட்டோவுக்குப் போதும்."

"முழுசா எடுங்க அண்ணாச்சி."

"பின்னாடி அழக் கூடாது."

"நான் எதுக்கு அழ? இது நேர்த்தி முடி." தலையைக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "பேச்சியம்மா, ஒனக்குத்தான்" என்றாள்.

மேலே ராஜாவோ வேடத்துக்குரிய குரலில், "கடல்ராஜாவுக்கு வந்த காணிக்கை!" என்று முழங்கி, சடையை அப்படியே தூக்கிப் பின்தளத்துக்கு வெளியே வீசினார். ஒரு பொருளை ஒரே மூச்சில் இரண்டு பேருக்குக் கொடுத்தது அப்படித்தான். காலையில் பார்த்தால் சடை கப்பலையும் விடவில்லை, கடலையும் விடவில்லை.

"ஒரு சாமானை ரெண்டு பேருக்குக் குடுத்தா இதுதான் நடக்கும்" என்றாள் அவளுடைய அறைத்தோழி வினோஜா, கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி. டொரொண்டோவில் பிறந்தவள், தமிழ் மட்டும் அம்மாவிடமிருந்து அப்படியே யாழ்ப்பாணத் தமிழாக வந்திருந்தது. "எடி, உன்ர தலைமயிர் உனக்கு முந்தி வீட்டை போகுது."

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. சாதாரணக் கயிறு என்றால் கப்பல் போகிற தடத்திலேயே பின்னால் வரும். இந்தச் சடை அப்படி வரவில்லை. கப்பல் தெற்கே திரும்பினாலும் மேற்கே திரும்பினாலும் அது வடகிழக்கிலேயே கிடந்தது. மாலுமிக் கலை படிக்கிற பிள்ளைகள் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள். கோடு மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து தூத்துக்குடி உப்பளத்தில் போய் நின்றது. வகுப்பில் கை தட்டினார்கள். சந்தனமாரி கை தட்டவில்லை.

அன்றைக்கே அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். இசக்கியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பேச்சிக்கு வச்ச முடிய எவனோ வேசக்காரன் கால்லயாட்டி போட்ட?"

"பேச்சி பேரச் சொல்லித்தானம்மா போட்டேன்."

"பேரு அவ பேரு, காலு எவன் காலு? தபால்ல அனுப்புததுக்கு அது என்ன துணியா? அவ இழுக்கா பாத்துக்கோ. விட மாட்டா. ஒன்னய இழுத்துக் கரையில போட்டுட்டுத்தான் மறுசோலி பாப்பா."

"இழுக்கட்டும். நான் வர மாட்டேன்."

"சாமிகிட்டயா மல்லுக்கு நிக்க?"

"நான் யாருகிட்டயும் நிக்கல. பரீட்சை எழுதிட்டு வாரேன்னுதான் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு வேதியியல் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

மற்றபடி கப்பல் அந்தச் சடையை ஏற்றுக்கொண்டது. கப்பல் என்பது எதையும் ஏற்றுக்கொள்ளப் பழகிய இடம். அங்கே நிற்கிற தரையே நிற்பதில்லை, பிறகு எதற்கு ஆச்சரியப்படுவது? இயற்பியல் வகுப்பு சடையின் இழுவிசையைக் கணக்கிட்டது. மானுடவியல் வகுப்பு சந்தனமாரியை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டது, அவள் சொன்னதை மறுப்பதற்குப் பிரான்சிலிருந்து வந்த ஒருவன் எழுந்தான், சன்னல் வழியாகச் சடையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். சடையின் நிழலில் சின்ன மீன்கள் குடிவந்தன. அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வந்தன. பெரிய மீன்களைத் தேடி எங்கிருந்தோ ஆலாப் பறவைகள் வந்து சடைமேல் வரிசையாக உட்கார்ந்து, கப்பலோடு கப்பலாகச் சும்மா பயணம் செய்தன. பிரேசில்காரன் சடையைப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டு, பின்னுவதற்குத் தலை தேடி அலைந்தான், ஏனென்றால் பாதிக் கப்பல் மொட்டை. துவைத்த துணிகளைச் சடையின் கப்பலோரத்தில் காயப்போட்டார்கள். காய்ந்த துணியில் சீயக்காய் வாசம் வந்தது, அது என்ன வாசம் என்று கேட்டவர்களுக்கு வினோஜா, "தலை முழுகின வாசம்" என்று சொல்லி, விளக்கம் வேண்டும் என்றவர்களிடம் காசு கேட்டாள். சாப்பாட்டில் முடி கிடந்தால் இனிமேல் புகார் சொல்ல முடியாது என்று சமையல்காரர்கள் அறிவித்தார்கள். காதலிக்கிறவர்கள் சடையில் ரிப்பன் கட்டினார்கள், காதல் முறிந்தவர்கள் போய்ப் பார்த்தார்கள், ரிப்பன் அவிழ்ந்திருக்கவில்லை, மறுபடி பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் எதிரே வந்த சரக்குக் கப்பல் ரேடியோவில் கேட்டது.

"மெரிடியன், பின்னால் என்ன இழுத்துக்கொண்டு போகிறீர்கள்?"

"முடி."

சரக்குக் கப்பல் வேகத்தைக் குறைத்தது.

"யாருடையது?"

"ஒரு மாணவியுடையது."

"சரி. நல்ல பயணம்" என்றது சரக்குக் கப்பல், சடையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனது.

சராங் காதரின் நிலைமைதான் சங்கடம். மாப்பைத் தரை துடைக்கிற வேலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார், ஆனாலும் பிள்ளைகள் அவரை ராஜா என்றுதான் கூப்பிட்டார்கள், காய்ச்சல் வந்தால் கூட வந்து சொன்னார்கள். "நா வேசம் போட்டவன்மா. வாங்கிக்க எனக்கென்ன உரிமை இருக்கு? திருப்பிக் குடுத்துட்டேன், நீயும் கேட்டுக்கோ, கடலும் கேட்டுக்கட்டும்" என்று சந்தனமாரியிடம் சத்தமாகவே சொன்னார். கடல் கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

மொம்பாசா தாண்டியதும் சடை கனக்கத் தொடங்கியது.

முதலில் இயந்திர அறைக்குத்தான் தெரிந்தது. அதே எரிபொருள், அதே சுழற்சி, ஆனால் கப்பல் முந்தின வேகத்தில் போகவில்லை. பிறகு நடக்கிறவர்களுக்கும் தெரிந்தது. தளம் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது, மேசையில் வைத்த பென்சில் எல்லாம் ஒரே திசையில் உருண்டது, வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு மற்றவர்களின் பேனாக்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது. மொட்டை போட்ட மற்றவர்களுக்கெல்லாம் முடி முளைத்துத் தலையில் பாசி மாதிரிப் படர்ந்தாயிற்று. சந்தனமாரியின் தலை மட்டும் மழித்த அன்று இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தது. அவளுக்கு முளைக்க வேண்டியதெல்லாம் அங்கே போய் முளைக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கேப்டன் தெக்சேரா போர்த்துக்கீசியர், பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர், ஆனால் தாமதத்தைப் பொறுக்காதவர். கோடாலி கொடுத்து வெட்டச் சொன்னார். சராங் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். வெட்டின இடம் தண்ணீரை வெட்டின மாதிரி மறு கணமே சேர்ந்துகொண்டது. கேப்டன் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சந்தனமாரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு உன் மேல் கோபம் இல்லை. உன் நாட்டுத் தெய்வத்தின் மேலும் இல்லை" என்றார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "ஆனால் இப்படியே போனால் இந்தக் கப்பல் ஃப்ரீமாண்டில் போய்ச் சேராது. யாருக்குமே பரீட்சை இருக்காது. அது உன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றாள்.

"அப்படியானால் நீ போர்ட் லூயியில் இறங்கிக்கொள். விமானத்தில் ஊருக்கு அனுப்புகிறோம். சடையை வெட்டத் துறைமுகத்திலிருந்து இரும்புவடம் அறுக்கும் படகு வரும். நீ கப்பலை விட்டு இறங்கினால் அது அறுபடும் என்று நினைக்கிறேன்."

"நான் இறங்காவிட்டால்?"

"இறங்குவாய்" என்றார் கேப்டன், வருத்தத்தோடு.

அறைக்கு வந்து பையைத் திறந்து வைத்தாள், ஒரு துணியும் எடுத்து வைக்கவில்லை. வினோஜா கதவில் சாய்ந்து நின்றாள்.

"நீ இறங்கினா நானும் இறங்கிறன்."

"ஒனக்கென்ன கோட்டியா? நீ எதுக்கு இறங்கணும்?"

"எனக்கு விசர்தான். நீ இல்லாட்டி வேதியியல் பாடத்தை நான் ஆரைப் பாத்து எழுதிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்து முடித்த பிறகு சந்தனமாரி சொன்னாள். "நான் எந்தத் தப்பும் பண்ணல, வினோ. குடுக்க வேண்டியதக் குடுத்தேன். எம்மேல பாக்கி இல்ல. அவளுக்கு முடிதான வேணும், நான் எதுக்கு வேணும்?"

போர்ட் லூயிக்குள் கப்பலை விடவில்லை, கப்பல்கள் நுழையும் வாய்க்காலின் குறுக்கே சடை விழுந்துவிடும் என்று வெளியே நங்கூரம் போடச் சொன்னார்கள். செய்தி அதற்குள் ஊருக்குள் போயிருந்தது. மறுநாள் காலையில் படகு படகாக மொரிஷியஸ் தமிழர்கள் வந்தார்கள், வேலாயுதன் என்றும் அலமேலு என்றும் பெயர் வைத்துக்கொண்டு பிரெஞ்சிலும் கிரியோலிலும் பேசுகிற சனங்கள், தமிழில் பாட மட்டும் தெரிந்தவர்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சடையைப் பார்த்தார்கள், மேலே கம்பியோரம் நின்ற மொட்டைத் தலையைப் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படகைச் சடையோரமாக விட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கண்ணுக்கு எட்டின மட்டும் புரிக்குப் புரி பூ வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவசரப்படாமல், வடம் அறுக்கும் படகு வந்து நின்றது.

சந்தனமாரியின் பையை வினோஜா அடுக்கி வாசலில் வைத்திருந்தாள். தன்னுடையதையும் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

அப்போது போன் அடித்தது. இசக்கியம்மாள் மூச்சு வாங்கினாள்.

"ஏட்டி, பீடத்துக்கிட்ட நிக்கேன். பூக்கட்டிப் பாத்துட்டேன்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்துத் தெய்வத்தின் முன்னால் போட்டு, கேள்வி கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது அவர்கள் வழக்கம். வெள்ளை வந்தால் பேச்சி முடியை ஏற்றுக்கொண்டாள், பிள்ளை வர வேண்டாம். சிவப்பு வந்தால் பிள்ளை வந்தே ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன வந்திச்சி?"

"ஒண்ணும் வரல."

"ஒண்ணும் வரலன்னா?"

"பிரிச்சா வெறும் இலை. இன்னொண்ணப் பிரிச்சேன், அதுவும் வெறும் இலை. என் கையால மடிச்ச பூ, எங்க போச்சின்னு தெரியல. மறுக்கக் கட்டினேன், மறுக்கவும் வெறும் இலை. சூடம் ஏத்தினா ஆடாம நிக்கி. படையல் வச்சா காக்கா பயமில்லாமத் திங்கி." இசக்கியம்மாளின் குரல் தாழ்ந்தது. "ஏட்டி, பீடத்துல இருந்து ஓடை வரைக்கும் காலடி கெடக்கு. பொம்பளக் காலடி. போன தடம் இருக்கு, வந்த தடம் இல்ல. உப்புப் பூத்துக் காஞ்சி கெடக்கு, போயி எம்புட்டோ நாளாச்சி போல. இத்தன நாளும் ஆளில்லாத வீட்டுக்கு வெளக்கு வச்சிருக்கேன். அவ இங்க இல்லட்டி."

சந்தனமாரி போனைக் காதில் வைத்தபடியே பின்தளத்துக்கு ஓடினாள். குத்தியில் சுற்றியிருந்த சடைமேல் கையை வைத்தாள். இத்தனை நாளாக எல்லோரும் தூரத்திலிருந்தே பார்த்தார்கள், அளந்தார்கள், துணி காயப்போட்டார்கள். அவள் மட்டும் அதைத் தொடவேயில்லை, பயம். இப்போது தொட்டாள். சடை ஒரே சீராக இழுபடவில்லை. ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி, ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி. கிணற்றுக் கயிற்றில் ஒருத்தர் ஏறி வந்தால் மேலே பிடித்திருக்கிறவருக்கு எப்படித் தெரியுமோ அப்படி.

கூப்பிட்டு இழுக்கவில்லை. ஏறி வருகிறாள்.

வடம் அறுக்கும் படகின் இரும்புவாய் திறந்தது.

"நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆலாப் பறவைகள் மொத்தமும் எழுந்தன. குத்தியின் மேல் ஏறிச் சடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தமிழில் கத்தினாள், அது போதாதென்று ஆங்கிலத்தில் கத்தினாள். கேப்டன் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தார்.

"இறங்கு."

"கேப்டன், அதில் ஆள் இருக்கிறது."

"எதில்?"

"சடையில். பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அறுத்தால் விழுந்துவிடுவார்கள்."

"யார்?"

"எங்கள் குலதெய்வம்."

கூடியிருந்தவர்கள் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் சடையைப் பார்த்தார், குனிந்து அதில் உள்ளங்கையை வைத்தார், வைத்த கையை வெகு நேரம் எடுக்கவில்லை. இழுப்பு, இடைவெளி, இழுப்பு. இளம் வயதில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர் அவர், கயிற்றின் மறுமுனையில் மீன் இருக்கிறதா மனிதர் இருக்கிறாரா என்று கைக்குத் தெரியும்.

"எத்தனை பேர்?" என்றார்.

"ஒருத்தர்."

அவ்வளவுதான் கேட்டார். கடலில் ஒருவர் இருந்தால் எடுத்தாக வேண்டும்; எந்த நாடு, எந்தச் சாமி, பயணச்சீட்டு உண்டா என்றெல்லாம் எடுப்பதற்கு முன்னால் கேட்கிற வழக்கம் எந்தக் கப்பலிலும் கிடையாது. அறுக்கும் படகை விலகிப் போகச் சொன்னார். கடலில் ஆள் என்பதற்கான நீண்ட ஊதல் மூன்று முறை ஒலித்தது. வகுப்புகள் கலைந்தன, சமையலறை காலியானது, இயந்திர அறையிலிருந்துகூட எண்ணெய்க் கையோடு வந்தார்கள், வந்தவர்களை எல்லாம் சராங் காதர் வரிசையில் நிறுத்தினார்.

"மூச்சு விடும்போது இழுக்காதீங்க, மூச்சு புடிச்சி இழுங்க! ஏய் மொட்ட, நீ முன்னால வா!"

"எந்த மொட்டை?" என்று நாலு மொழியில் குரல் வந்தது.

"எல்லா மொட்டையும் வா!"

இழுத்தார்கள். பூ வைக்க வந்தவர்களும் கயிற்றேணியில் ஏறி வந்து பிடித்தார்கள், தெரிந்த ஒரே தமிழான காவடிப் பாட்டைப் பாடினார்கள், அதற்குத் தாளம் இருந்தது, தாளம் போதும். சடை ஈரமாக, பூவும் ரிப்பனுமாக, மீன் துள்ள, தளத்தில் வந்து விழுந்தது. தளம் நிறைந்து நீச்சல் குளத்தில் சுற்றி வைத்தார்கள், குளம் நிறைந்து நூலகத்தில், நூலகம் நிறைந்து சாப்பாட்டுக் கூடத்தில், வகுப்பு வகுப்பாக, படி படியாக, அறைக் கதவுகளைத் திறந்து கட்டில்களின் மேல் எல்லாம் சடையாகக் கிடந்தது, கப்பல் முழுக்கத் தலை முழுகின வாசம், இன்னும் வந்துகொண்டேயிருந்தது. சந்தனமாரி முதல் ஆளாக நின்று இழுத்தாள். உள்ளங்கை உரிந்தது. வினோஜா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனிசி இன்னும் எவ்வளவு தூரத்திலையடி நிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள்.

வெயில் சாயும் முன்பு சடையின் நுனி தெரிந்தது. நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சடையை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரு பெண் ஏறி வந்தாள். சராங் ஒரு கையும் சந்தனமாரி ஒரு கையும் பிடித்துத் தூக்கினார்கள். நடுவயது இருக்கும். காறை எலும்பு தெரிகிற கறுத்த உடம்பு, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய ஈரச்சேலை, உப்புப் பூத்த பாதம். தளத்தில் நின்று சேலையைப் பிழிந்தாள், மூக்கைச் சிந்தினாள், கப்பலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். வாசலில் அட்டை சரிபார்க்கும் காவலாளி தன் வேலைப்படி அட்டை எங்கே என்று கேட்க வாயெடுத்தான், பிறகு அவளுக்குத் துவாலை கொடுத்தான்.

சந்தனமாரி மொட்டைத் தலையைக் குனிந்து நின்றாள். இத்தனை நாளாக மனசுக்குள் வைத்திருந்த சண்டை எல்லாம் அந்த நேரத்தில் வரவில்லை. "நேர்ல வந்து குடுக்காதது தப்புத்தான். எல்லா முடியும் இங்கதான் இருக்கு, எடுத்துக்கோங்க. என்னய மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க."

"ஏட்டி, இம்புட்டு முடிய வச்சி நான் என்ன செய்ய?" என்றாள் பேச்சி. தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். "ஒங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து முடி கேக்கேன். எதுக்குன்னு ஒருத்தியாவது கேட்டாளா? எல்லாவளும் பீடத்துல கொண்டாந்து போட்டுட்டுப் பொங்கல் வச்சித் தின்னுட்டுப் போயிருதாளுவ. எதுத்தாப்புல கடலு, பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேன், புடிச்சி ஏற ஒரு கயிறு இல்ல. ஒருத்தியாவது கடல்ல போட்டாளா? நீ போட்ட."

சந்தனமாரி நிமிர்ந்தாள்.

"ஒன்னய எதுக்கு நான் கூட்டிட்டுப் போகணும்? வந்தவளே இப்பதான் வந்திருக்கேன்." ஈரக் கையை அவள் மொட்டை மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள், பிள்ளைகளை அதட்டுகிற தட்டு. "ஒங்கம்மைக்கு போனப் போட்டுச் சொல்லு. வெறும் பீடத்துக்கு வெளக்கு வைக்க வேண்டாம்னு. வந்த பொறவு வச்சாப் போதும்."

ரேடியோவில் துறைமுகம் கேட்டுக்கொண்டிருந்தது: அந்த மாணவியை இறக்கப் படகு காத்திருக்கிறது, எப்போது இறக்குகிறீர்கள்? கேப்டன் ஒலிவாங்கியை எடுத்தார். வாசலில் அருகருகே இருந்த இரண்டு பைகளையும் காலால் உள்ளே தள்ளினார்.

"இறங்குகிறவர் யாருமில்லை" என்றார். "ஏறியவர் ஒருவர்."

நங்கூரச் சங்கிலி ஏறத் தொடங்கியது. சராங் தன் கடல்ராஜா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பேச்சி அதைப் பார்த்துவிட்டு, அதில் உட்காராமல், கப்பலின் முன்பக்கத்துக்கு நடந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தனமாரியும் வினோஜாவும் பின்னாலேயே போனார்கள், அவர்கள் பின்னால் கேப்டன் வந்தார்.

"அடுத்து எந்த ஊரு?" என்று பேச்சி கேட்டாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. சந்தனமாரி மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், அவர் கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினார்.